ஆயர் வீட்டுக்கு எந்த நாள் லீவு?

என்னைப் போலக் கிறிஸ்தவ சபைகளை நடத்துகிற ஆயர்களுக்கு (ஊரில் ஐயர் என்று கூப்பிடுவார்கள்) திங்கட்கிழமை ஓய்வு நாள் என்று பொதுவாகச் சொல்வார்கள். சரி, ஓய்வுதான். ஆனால் அன்றைக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுகிறார்கள். அவர்கள் வீட்டில் இருக்கிற சனிக்கிழமை எனக்குப் பிரசங்கத் தயாரிப்பு, பாடகர் குழு பயிற்சி, பாதி வாரங்களில் ஒரு கல்யாண வீடு. ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லவே வேண்டாம், விடிந்ததும் அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினால் மூன்று ஊர்களில் ஆராதனை முடித்து வீடு வந்து சேர மத்தியானம் தாண்டிவிடும். அரையாண்டு லீவு என்றால் கிறிஸ்துமஸ், வீடு வீடாகப் பாடிப்போகும் கீதபவனி, டிசம்பர் 31 இரவு ஆராதனை. ஏப்ரலில் பாடுகளின் வாரமும் ஈஸ்டரும், மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நான் கதை சொல்கிறேன், என் பிள்ளைகளும் அந்த வரிசையில் உட்கார்ந்துதான் கேட்கிறார்கள்.

எங்கள் காவிரி டெல்டாவில் இதோடு வயல் கணக்கும் சேரும். தை, மாசியில் சம்பா அறுப்பு. அறுப்பு மெஷின் மணி வாடகைக்கு வந்து வயலில் நிற்கும்போது ஐயர் ஜெபத்துக்கு வந்திருக்கிறார் என்று யாராலும் வீட்டில் உட்கார முடியாது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டுக் காவல் இருக்கிறவர் வீடு திரும்புவதே இருட்டிய பிறகுதான். அதனால் வீடு சந்திப்பு எட்டு மணிக்கு மேல் போகிறது. சின்னப் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்குகிற நேரமும் அதுதான். சின்னவனுக்கு மூன்று வயது. நான் வண்டிச் சாவியை எடுக்கிற சத்தம் கேட்டால், வாயில் சோற்றோடு வாசலுக்கு ஓடிவந்து என் செருப்பில் ஒன்றை மாட்டிக்கொண்டு நின்றுவிடுவான். ஒற்றைச் செருப்போடு அப்பாவால் போக முடியாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஐயரம்மா பாடு இதைவிடப் பெரியது. என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. சாயங்காலம் வந்து காலைக்கூட நீட்டியிருக்க மாட்டார், ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு ஒருவர், மருமகளோடு மனத்தாங்கல் என்று ஒருவர், அப்புறம் பெண்கள் ஐக்கிய சங்கம். சபை அவரை நியமிக்கவில்லை, சம்பளமும் தரவில்லை. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு கூட்டத்துக்கு வராமல் இருந்தால் முகம் வாடுகிறார்கள். இது நியாயமில்லை, நேராகவே சொல்கிறேன். பிள்ளைகளுக்கும் இதே கதைதான். மற்றப் பிள்ளை கோயிலுக்குள் ஓடினால் அது குழந்தை, எங்கள் மகள் ஓடினால் “ஐயர் வீட்டுப் பிள்ளை இப்படி ஓடலாமா?” அவள் இரண்டாம் வகுப்புதான் படிக்கிறாள்.

அர்ப்பணிப்பு என்று பேச்சு வந்தால் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் உடனே ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியவர்தான். தஞ்சை இளவரசர் சரபோஜிக்குப் பாதுகாவலர், கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரை வளர்த்து ஆளாக்கியவர், 1798இல் தஞ்சாவூரில் கண்மூடும் வரை ஊழியமே வாழ்க்கை. ஆனால் அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்க் ஐயருக்கு மனைவி இருந்தார், 1719இல் அந்த அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு 36 வயதில் இறந்துபோனார். இவர்கள் இருவர் மேலும் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. அதற்காக, ராத்திரி பால் கேட்டு எழுகிற குழந்தை உள்ள வீட்டுக்கு இந்த வாழ்க்கைகளை அளவுகோலாக வைக்க முடியாது.

“நீங்க கர்த்தருடைய வேலையைப் பாருங்க ஐயா, பிள்ளைகளை அவர் பார்த்துக்குவார்” என்று அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஏலி ஆசாரியனும் கர்த்தருடைய வேலையைத்தான் பார்த்தார், அவருடைய பிள்ளைகள் கெட்டுப்போனதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலையைப் பகிர்ந்து கொடு, தனியாகச் செய்தால் தளர்ந்துபோவாய் என்று மோசேக்கு மாமனார் எத்திரோ சொன்ன புத்தியை நிர்வாகப் பாடமாகப் பலமுறை கேட்டிருப்போம். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் எத்திரோ வெறுங்கையோடு வரவில்லை. மோசே திருப்பி அனுப்பியிருந்த மனைவியையும் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு வனாந்தரத்துக்கே வந்தார். முதலில் குடும்பம் வந்து சேர்ந்தது, மறுநாள்தான் ஆலோசனை. எனக்கு அந்த வரிசை முக்கியமாகப் படுகிறது.

எத்திரோ சொன்ன மாதிரி ஆட்கள் நம் சபைகளில் இல்லாமல் இல்லை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள் இருக்கிறார்கள், நன்றாக ஜெபிக்கத் தெரிந்த மூப்பர்கள், அதாவது சபைப் பெரியவர்கள், இருக்கிறார்கள், படுக்கையில் இருக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசிக்க அங்கி தேவையில்லை. பிறந்தநாள் ஜெபம், புது வண்டிக்கு ஜெபம், கடை திறப்பு, இதெல்லாம் ஐயர் வந்தால்தான் ஆச்சு என்பது பழக்கம். பழக்கத்தை மாற்றலாம்.

சேகர கமிட்டியில், அதாவது என் பொறுப்பில் உள்ள சபைகளின் நிர்வாகக் குழுவில், நான் கேட்டிருப்பது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணி முதல் ஒன்பது வரை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு உள்ள நேரம், அதனால்தான் திங்கட்கிழமை பகலுக்குப் பதில் இதைக் கேட்கிறேன். அந்த நேரத்தில் போன் சபைச் செயலாளரிடம் இருக்கும், சந்திப்புகளை மூப்பர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். மற்ற ஆயர்களும் உங்கள் கமிட்டியில் கேளுங்கள், கமிட்டியில் இருக்கிறவர்கள் உங்கள் ஆயர் கேட்பதற்கு முன்பே நீங்களாகக் கொடுங்கள். சாவு, விபத்து, ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராட்டம் என்றால் மட்டும் செவ்வாய் என்று பார்க்காமல் கூப்பிடுங்கள், வருவேன்.