சுவரில் பாரதி, வாசலில் நான்

போன ஞாயிற்றுக்கிழமையோடு பதினோரு வீடு பார்த்தாயிற்று. திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை, மயிலாப்பூர் என்று மூன்று வாரமாக மாடிப்படி ஏறி இறங்குகிறேன். ஓர் அறை, ஒரு சமையலறை, வெளிச்சம் வர ஒரு ஜன்னல். இவ்வளவுதான் கேட்கிறேன். வாடகை பேசி முடித்துவிடுவார்கள், அட்வான்ஸும் பேசி முடித்துவிடுவார்கள், மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்பது வரை சொல்லிவிடுவார்கள். கடைசியில் அந்தக் கேள்வி வரும். "தம்பி எங்கே வேலை பார்க்கிறீர்கள்?"

எழுதுகிறேன் என்பேன்.

"எழுதுவது சரி தம்பி. வேலை?"

மொழிபெயர்ப்பு செய்கிறேன், பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறேன், ஆறு வருடத்தில் ஒரு மாதம்கூட வாடகை தவறியதில்லை, வேண்டுமானால் பழைய வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள் என்று அடுக்கிக்கொண்டே போவேன். அதற்குள் சாவிக்கொத்து சட்டைப்பைக்குத் திரும்பியிருக்கும்.

அந்தப் பதினோராவது வீட்டை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. பாரதியார் கடைசியாகக் குடியிருந்த துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவுக்குக் கூப்பிடு தூரம். கூடத்தில் நுழைந்ததும் பாரதி படம். நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, பிளாஸ்டிக் மாலை போட்டு, கீழே சின்னதாக ஒரு சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. இங்கே கிடைத்துவிடும் என்று நம்பிவிட்டேன். பேத்தி பாரதியார் பாட்டுப் போட்டியில் வாங்கிய கோப்பையைப் பெரியவர் எடுத்துவந்து காட்டினார். நானும் கையில் வாங்கிப் பார்த்துப் பாராட்டினேன். பிறகு மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்டார். இல்லை என்றேன். பேச்சிலர் என்றாலும் பரவாயில்லை என்று ஐந்து நிமிடம் முன்பு சொன்ன அதே மனிதர், "குடும்பத்துக்குத்தான் கொடுப்பதாக இருக்கிறோம்" என்றார்.

படியிறங்கும்போது வயிறு எரிந்தது. அந்தப் படத்தில் இருப்பவர் 1920-இல் என்ன செய்தார் தெரியுமா? தன் எழுத்துகளையெல்லாம் நாற்பது புத்தகங்களாகப் போடவேண்டும், அதற்குப் பணம் வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் சுற்றறிக்கை எழுதினார். சும்மா கேட்கவில்லை, கடனாகக் கேட்டார், வட்டி தருவதாகச் சொன்னார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தன் புத்தகங்கள் வீடு வீடாகப் போகும் என்று நம்பினார். பணம் வரவில்லை. அடுத்த வருடம் செப்டம்பரில் இறந்தார். முப்பத்தொன்பது வயது நிறையவில்லை. இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை. வீடு வீடாகத் தீப்பெட்டி போலப் போக ஆசைப்பட்ட மனிதரை, ஊரோடு ஒட்டாத பித்தர், தனிமையில் எரிந்த மேதை என்று இன்று மேடை மேடையாகப் பேசுகிறார்கள். அவர் எங்கே ஒட்டாமல் போனார்? நாம்தானே ஒட்டவிடவில்லை!

வீட்டுக்காரர்களையாவது ஒருவகையில் புரிந்துகொள்ளலாம், வாடகை நின்றுவிடுமோ என்ற பயம். எனக்குத் தாங்கவே முடியாதது நம் இலக்கிய நண்பர்கள் சொல்லும் ஆறுதல். வீடு கிடைக்காத கதையை ஒரு கூட்டம் முடிந்து டீக்கடையில் சொன்னேன். "ஊரோடு ஒட்டாமல் விலகி நிற்கும் இந்த அந்நியமாதல்தான் படைப்பாளிக்கு உரம், எழுத்தாளர் காஃப்காவைப் பாருங்கள்" என்றார் ஒருவர். சொந்த வீடு உள்ளவர்.

பார்க்கலாம். காஃப்கா 1908 முதல் 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்தார். காலை எட்டு மணிக்குப் போனால் பிற்பகல் இரண்டுக்கு வேலை முடியும். சம்பளம் வந்தது, பிற்பாதி நாளும் இரவும் கையில் இருந்தன. அந்த இரவுகளில்தான் எழுதினார். அவருடைய துயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த இரண்டு மணியை ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

ஆங்கில எழுத்தாளர் காலின் வில்சன் கதையும் அப்படித்தான். சமூகத்துக்கு வெளியே நிற்பவனைப் பற்றிய அவருடைய புத்தகம் 1956-இல் வந்தபோது அவருக்கு இருபத்துநான்கு வயது. வாடகை மிச்சம் பிடிக்க லண்டனில் ஹாம்ஸ்டெட் திறந்தவெளியில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்துத் தூங்கினார் என்று எல்லோரும் மெய்சிலிர்த்துச் சொல்வார்கள். பகலில் அவர் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்று யாரும் சொல்வதில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசிப்பு அறையில். மேசை, நாற்காலி, கூப்பிட்டால் வரும் புத்தகம். எழுத்து வந்தது அங்கிருந்து. புல்வெளியில் கிடைத்தது குளிர்தான்.

அந்நியமாதல் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 1844-இல் மார்க்ஸ் அதைத் தொழிலாளியைப் பற்றித்தான் எழுதினார். வேலை செய்யாதபோதுதான் அவன் தன் வீட்டில் இருப்பதுபோல் உணர்கிறான், வேலையில் இருக்கும்போது வீட்டில் இல்லை என்றார். அது ஒரு மனிதனுக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தின் பெயர். அதைப் பொன்னாடை மாதிரி எழுத்தாளன் தோளில் போர்த்திவிட்டுக் கைதட்டுகிறார்கள்.

இதே சென்னை ஒருமுறை சரியாகவும் நடந்திருக்கிறது, அதனால்தான் கோபம் கூடுகிறது. 1912-இல் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் கணக்கெழுதச் சேர்ந்தவர் கணித மேதை ராமானுஜன். கல்லூரிப் பட்டம் கிடையாது. அலுவலகத் தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் தாமே கணிதம் தெரிந்தவர், கூட உட்கார்ந்து நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தார். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆதரித்தார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டமில்லாத அந்தக் குமாஸ்தாவுக்கு மாதம் எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. பசியும் புறக்கணிப்பும் இருந்தால் இன்னும் நன்றாகக் கணக்குப் போடுவார் என்று அன்றைக்கு யாரும் டீக்கடையில் தத்துவம் பேசவில்லை. பணம் கொடுத்தார்கள், நேரம் கொடுத்தார்கள்.

நான் ராமானுஜன் இல்லை, பாரதியும் இல்லை. ஆனால் வாடகை கொடுத்து ஓர் அறையில் இருக்க எதற்கு மேதையாக இருக்கவேண்டும்? இப்போதைக்குக் கோட்டூர்புரம் நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில் உட்கார்ந்து மெய்ப்புத் திருத்துகிறேன். மூடும் நேரமானால் பையைத் தூக்கிக்கொண்டு நண்பனின் அறைக்கு, அவன் தூங்கிய பிறகு அடுப்படி விளக்கில் மீதி.

நேற்று புரோக்கர் போன் செய்தார். ராயப்பேட்டையில் மாடி போர்ஷன், வியாழக்கிழமை மாலை வரச் சொன்னார். "சார், ஏதாவது ஒரு கம்பெனி பெயரைச் சொல்லிவிடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். மாட்டேன் என்றேன். வியாழக்கிழமையும் எழுதுகிறேன் என்றுதான் சொல்லப்போகிறேன்.