சமக்குறியிலேயே தடுமாற்றம் தொடங்குகிறது

இயற்கணிதத்தில் மாணவர்கள் தடுமாறுவதற்குப் பயிற்சிக் குறைவே காரணம் என்று ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் சொல்லியிருந்த கருத்தை ஓரளவே ஏற்க முடிகிறது. சமக்குறியை விடை எழுதும் இடமாகவே பழகிய பிள்ளைகளில் பலர், 8 + 4 = □ + 5 என்று கேட்டால் தயங்காமல் கட்டத்தில் 12 என்று எழுதுகிறார்கள்; இரு பக்கமும் சமமாக இருக்க அங்கே 7 வர வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இந்த நிலையில்தான் ஆறாம் வகுப்பில் இயற்கணிதம் வந்துவிடுகிறது. ஓர் எண்ணின் மும்மடங்குடன் 5-ஐக் கூட்டினால் 20 என்னும் கணக்கில், '5 அந்தப் பக்கம் போனால் கழித்தல்' என்று ஒப்பிக்கும் மாணவரை, இருபுறமும் 5-ஐக் கழித்து முழுமையாக எழுதிக் காட்டச் சொல்ல வேண்டும். வாய்ப்பாடு கட்டாயம் தேவை (15-ஐ 3-ஆல் வகுக்க விரல் மடக்கினால் கணக்கு அங்கேயே நின்றுவிடும்). ஆனால் ஒரே அச்சிலான ஐம்பது கணக்குகளை வீட்டுப்பாடமாகத் தருவதைவிட, கண்ட விடையைச் சமன்பாட்டில் பிரதியிட்டுச் சரிபார்க்கும்படி பத்துக் கணக்குகள் தருவதையே ஆசிரியர்களிடம் வேண்டுவேன்.