மரியோவை விடுங்கள், அந்தப் பாதையை அமைத்தவரைப் பாருங்கள்

அந்த ஸ்லைடின் படம் எல்லோருடைய கைபேசிக்கும் வந்து சேர்ந்துவிட்டதால் என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. எங்கள் அலுவலகத்தில் தலைமைப் பண்புப் பயிற்சி, திரை முழுக்க நிண்டெண்டோ வீடியோ கேம் நாயகன் மரியோ, எத்தனை முறை விழுந்தாலும் புலம்பாமல் எழுந்து ஓடுகிறவனே தலைவன் என்று ஒரு வரி, அப்புறம் கைதட்டல். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். கை தட்டவில்லை. "உனக்குத்தான் அந்த கேம் எல்லாம் உயிராச்சே, நீ ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய்?" என்று அன்றிலிருந்து கேட்கிறார்கள். உயிர் என்பதால்தான்.

பழைய வீடியோ கேம்களில் தலைமைக்குப் பாடம் இருக்கிறதா? நிறையவே இருக்கிறது. ஆனால் அதை மரியோவிடம் தேடக்கூடாது. மரியோ வேலை செய்கிறவர். அவர் ஓடுகிற பாதையை யோசித்து யோசித்து அமைத்தவர்தான் தலைவர். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸின் முதல் லெவலை நினைத்துப் பாருங்கள். ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்தது. எப்படி விளையாடுவது என்று அதில் ஒரு வரி விளக்கம்கூட வராது. மரியோ இடது பக்கம் நிற்பார், வலப்பக்கம் காலியாக இருக்கும்; எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தானாகப் புரிந்துவிடும். கொஞ்ச தூரத்தில் கூம்பா என்ற சின்ன எதிரி ஒன்றே ஒன்று மெதுவாக வரும். தாண்டத் தெரியாமல் மோதினால் ஒரு உயிர் போகும், ஆனால் வீணானது சில நொடிகள்தான். கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் காளான் வெளியே வந்து நகர்ந்து, குழாயில் மோதி நம் பக்கமே திரும்பும். பயந்து விலக நினைத்தாலும் பெரும்பாலும் மேலே பட்டுவிடும். பட்டதும் மரியோ பெரிதாவார், சரி, இது நல்லதுதான் என்று தெரிந்துகொள்வோம். எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசிப் பகுதி. இரண்டு படிக்கட்டுகள் எதிரெதிரே நிற்கும், நடுவில் தரை இருக்கும். தாவத் தவறினாலும் ஒன்றும் ஆகாது, மறுபடி ஏறித் தாவலாம். அதைக் கடந்த பிறகுதான் அதே மாதிரி இன்னொரு ஜோடி வரும். அங்கே நடுவில் பள்ளம்.

முதலில் விழுந்தாலும் அடிபடாத இடத்தில் பழகவிடுகிறார்கள், பள்ளம் அதற்கு அப்புறம்தான். அந்த ஸ்லைடில் மரியோவின் விடாமுயற்சி என்று போட்டிருந்தது இந்த அமைப்பின் பலன். ஏன் விழுந்தோம் என்று விளையாடுகிறவருக்குத் தெரிகிறது. விதி நேற்று ஒன்று இன்று ஒன்று என்று மாறுவதில்லை. அதனால்தான் மறுபடி ஓட மனம் வருகிறது. இதை எல்லாம் மரியோ தனக்குத் தானே செய்துகொள்ளவில்லை.

எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த ஒரு பெண் அன்று எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சேர்ந்த உடனேயே அவரை நேராகப் பள்ளத்தின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். யாரிடம் கேட்பது, எதில் கை வைக்கக்கூடாது, எது வரை செய்தால் வேலை முடிந்ததாக அர்த்தம், எதையும் சொல்லவில்லை. தவறு நடந்தது. அதைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டினார்கள். பயிற்சியின்போது பயிற்சியாளர் அதே பெண்ணை எழுப்பி, "விழுந்தால் மரியோ என்ன செய்வார்?" என்று கேட்டார். பயிற்சியாளர் வெளியாள், அவருக்கு எதுவும் தெரியாது, தற்செயலாகத்தான் கேட்டார் என்று ஒப்புக்கொள்கிறேன். முதல் வரிசையில் இருந்த மேலாளர்களுக்குத் தெரியும். அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். "எழுந்து ஓடுவார் சார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் உட்கார்ந்தார். அதன் பிறகு தலையை நிமிர்த்தவே இல்லை.

1980-இல் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட பேக்-மேனை எடுத்துக்கொள்ளுங்கள். புதிர்ப்பாதையில் புள்ளிகளைத் தின்றுகொண்டே பேய்களிடமிருந்து தப்பிக்கும் கேம். நான்கு பேய்களும் ஓயாமல் துரத்துவது போலத் தோன்றும். உண்மையில் முதல் சுற்றில் ஒரு 20 நொடி துரத்தும், பிறகு விட்டுவிட்டுச் சில நொடிகள் தத்தம் மூலைக்குப் போய்விடும். இடைவிடாமல் துரத்தினால் விளையாடுகிறவர் துவண்டுபோவார் என்றுதான் அலை அலையாக வரும்படி வைத்ததாக அதை வடிவமைத்த டோரு இவாதானியே விளக்கியிருக்கிறார். எதிரியை உருவாக்கும்போதுகூட எதிரே இருப்பவர் மூச்சு விட வேண்டும் என்று நினைத்திருக்கிறார் அந்த மனிதர். எங்களுக்கு ஒரு டெட்லைன் முடிந்த அன்றே அடுத்த டெட்லைன் வருகிறது.

"ஒரு உதாரணம் சொன்னார், அதற்குப் போய் இவ்வளவா?" என்பீர்கள். உதாரணம்தான். ஆனால் அதை யாரைப் பார்த்துச் சொன்னார்கள்? அரங்கில் இருந்த முக்கால்வாசிப் பேர் யாரையும் தலைமை தாங்குகிறவர்கள் இல்லை. விழுகிறவர்களிடம் இன்னும் நன்றாக விழப் பழகு என்று சொல்லிவிட்டு, பள்ளம் தோண்டியவர்களை முதல் வரிசையில் உட்கார வைத்தால் அதற்குத் தலைமைப் பயிற்சி என்று பெயர் வைக்கக்கூடாது.

"பழைய கேம் எல்லாம் கொடூரமாகத்தானே இருந்தது?" இது நியாயமான கேள்வி. காசு போட்டு விளையாடும் ஆர்கேடு கூடங்களில் காசு விழ வேண்டும் என்றே பல கேம்களைக் கடினமாக வைத்தார்கள். காப்காம் நிறுவனத்தின் கோஸ்ட்ஸ் அண்ட் கோப்ளின்ஸ் கேமில் கடைசி வரை போராடி முடித்தால், நடந்ததெல்லாம் மாயை என்று சொல்லி மறுபடி முதலிலிருந்து ஆட வைப்பார்கள். ஆனால் வெறுத்துப்போனவர் எழுந்து போய்விடலாம். வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியதில்லை. கேமுக்கும் வேலைக்கும் உள்ள இந்த ஒரு வித்தியாசம் போதும், அந்த ஸ்லைடு மொத்தமும் நிற்காது.

"நீ என்ன பெரிய டீமை நடத்திவிட்டாய்?" சின்ன டீமைத்தான் நடத்தியிருக்கிறேன். புதிதாக வந்தவருக்கு முதலில் உடையாத வேலையைத்தான் கொடுத்தேன். யாரும் செத்துப்போகவில்லை, வேலையும் நின்றுபோகவில்லை. இந்தத் தலைமுறைக்குத் தாங்கும் சக்தி இல்லை என்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1978. மேலிருந்து வரிசையாக இறங்கி வரும் எதிரிகளைச் சுடும் கேம். சுடச் சுட எதிரிகள் குறைவார்கள், மீதி இருப்பவர்களின் வேகம் கூடிக்கொண்டே போகும். திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறைந்தால் இயந்திரம் வேகமாக ஓடியது, வடிவமைத்த தொமோஹிரோ நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார். ஆட்கள் குறையக் குறைய வேகம் கூடுவது அந்த இயந்திரத்துக்குச் சரி. எங்கள் தளத்தில் இப்போது பாதி நாற்காலிகள் காலி.

நாற்காலி என்றதும் சதோரு இவாதா நினைவுக்கு வருகிறார். 2015-இல் இறக்கும் வரை நிண்டெண்டோவின் தலைவராக இருந்தவர், அடிப்படையில் ப்ரோக்ராமர். நிண்டெண்டோவின் வீ யூ என்ற கேம் கருவி எதிர்பார்த்தபடி விற்காமல் விற்பனைக் கணிப்பைப் பெரிதாகக் குறைக்க வேண்டி வந்தபோது, 2014-இல் சில மாதங்களுக்குத் தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மற்ற மேலதிகாரிகளும் 20 முதல் 30 சதவீதம் வரை குறைத்துக்கொண்டார்கள். வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருக்கிறவரால் மற்றவர்களை மகிழ்விக்கும் எதையும் உருவாக்க முடியாது என்பது அவருடைய கருத்து. கேம் உலகத்திலிருந்து ஒரு தலைவரைத் திரையில் போட வேண்டும் என்றால் இவர் இருந்தாரே! ஏன் போடவில்லை? இவரைப் போட்டால் முதல் வரிசை சிரித்திருக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடாரி என்ற அமெரிக்க கேம் நிறுவனத்தில் அந்தக் காலத்தில் கேம் செய்தவரின் பெயரைப் போட மாட்டார்கள். வாரன் ராபினெட் என்பவர் அட்வென்ச்சர் கேமை முழுக்கத் தனியாகச் செய்தவர். யாருக்கும் சொல்லாமல் ஒரு ரகசிய அறையை வைத்து, அதற்குள் தன் பெயரை எழுதினார். கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சாம்பல் புள்ளியைக் கண்டுபிடித்து எடுத்துப்போனால்தான் அந்த அறை திறக்கும். அதே அடாரியில் டேவிட் கிரேன் முதலிய நான்கு ப்ரோக்ராமர்கள் பெயரும் நியாயமான பங்கும் கேட்டுக் கிடைக்காமல் வெளியேறினார்கள். 1979-இல் ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனம் உருவானது அப்படித்தான். அங்கே கேமைச் செய்தவருக்குப் பெயர் கிடைத்தது.

போன வருடம் நான் ராத்திரி எல்லாம் உட்கார்ந்து தயாரித்த அறிக்கை வேறு ஒருவர் பெயரில் மேலே போனது. அன்று நான் எதுவும் பேசவில்லை. மரியோ மாதிரி எழுந்து ஓடினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு யாரும் கை தட்டவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. என் பெயர் இருந்திருந்தால் போதும்.

பயிற்சி எப்படி இருந்தது என்று கருத்துப் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். பெயர் கட்டாயம் இல்லையாம். மேலே எழுதியதைச் சுருக்கி, என் முழுப் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன். அந்த அரங்கில் இருந்த மற்றவர்களும், எனக்குத் தனியாக "சரியாகச் சொன்னாய்" என்று செய்தி அனுப்பியவர்களும், அதையே படிவத்தில் எழுதுங்கள். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.