வண்டி ட்யூ

(அக்கா கொத்தவரங்காய் கிள்ளுகிறாள். தம்பி நோட்டோடு வருகிறான்.)

தம்பி: குறும்படத்துக்குக் கிளைமாக்ஸ் ரெடிக்கா. சூப்பர்ஹீரோ மடியிலயே அவங்கப்பா சாகுறாரு. உடனே ஃப்ரெண்டு, "அப்போ வண்டி ட்யூ யாருடா கட்டுறது?"ங்குறான்.

அக்கா: உடனேன்னா?

தம்பி: ரெண்டு செகண்ட்.

அக்கா: எழவு வீட்டுல சங்கு ஊதுறவன்கூட அதைவிட நேரம் குடுப்பான்.

தம்பி: 'தோர்: ரக்னராக்'ல மட்டும்? தோரோட ஊர் அஸ்கார்ட் எரியுது. கல்லு மனுஷன் கோர்க், "அஸ்திவாரம் இருந்தா திரும்பக் கட்டிக்கலாம்"ங்குறான். டமால்! "அஸ்திவாரமும் போச்சு, சாரி." தியேட்டரே சிரிச்சுது.

அக்கா: சிரிச்சுது, சரி. யாராவது அழுதாங்களா? தோரோட அப்பன் ஓடின், அவரும் அதே படத்துலதான் போனாரு, இப்போ ஊரும் போச்சு. நமக்குத் தொண்டை அடைக்கிறதுக்குள்ள அந்தக் கல்லு மனுஷன் வாயைத் திறந்துட்டான்.

தம்பி: அப்போ ஜோக்கே கூடாதா?

அக்கா: முன்னாடியே வச்சுடணும்டா. 2014ல வந்த 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி'ல அந்த மர மனுஷன் க்ரூட் என்ன பேசும்?

தம்பி: எதைக் கேட்டாலும் "நான் க்ரூட்"தான்.

அக்கா: விண்வெளிக் கப்பல் விழும்போது எல்லாரையும் கிளையால சுத்திக் கூடு பின்னிட்டு, "நாம க்ரூட்"ங்குது. அழ வைக்கத் தனியா வசனம் எழுதல பாரு. ரெண்டு மணி நேரமா சிரிச்ச அதே ஜோக்.

தம்பி: அடுத்த சீன்லயே ஹீரோ க்வில், வில்லன் ரோனன் முன்னாடி டான்ஸ் ஆடுறானே!

அக்கா: சும்மாவா ஆடுறான்? ரோனன் முழிச்சுக்கிட்டு நிக்கிற கேப்ல ராக்கெட்ங்கிற ரக்கூன் ஆயுதத்தைச் சரி பண்ணுது. உன் ட்யூ ஜோக்குக்கு அங்க என்ன வேலை? ஆட்டம் முடிஞ்சதும் கூட்டாளி கமோரா க்வில்லுக்குக் கை நீட்டுறா. முதல் சீன்ல சாகப்போற அம்மா கையைப் பிடிக்காம மூஞ்சியைத் திருப்பிக்கிட்டவன், இப்போ பிடிக்கிறான். அங்க எவனாவது காமெடி பண்ணானா?

தம்பி: சரி, கஷ்டத்துல இருக்கிறவனே ஜோக் அடிச்சா?

அக்கா: தாராளமா. 2004 'ஸ்பைடர்மேன் 2'ல சக்தி போனவன், டிரஸ்ஸோட லிஃப்ட்ல இறங்குறான். பக்கத்துல இருக்கிறவர் டிரஸ் நல்லாருக்குங்குறாரு. "அரிக்குது, இடுக்குல ஏறுது"ங்குறான். அவன் கஷ்டந்தான் சிரிப்பே. பின்னாடி ரயிலை நிறுத்திட்டு முகமூடி இல்லாம மயங்கிக் கிடக்கிறான். "சின்னப் பையன், என் மகன் வயசுதான் இருக்கும்"ங்குறாரு ஒருத்தர். அங்க இடுக்கைப் பத்தி யாரும் பேசல.

தம்பி: (அடித்து எழுதுகிறான்) அப்போ ஃப்ரெண்டைத் தூக்கிடறேன். அப்பாவே படம் பூரா போன் போட்டு, "ட்யூ கட்டுனியா?"ன்னு கேக்குறாரு. மூணு தடவை. பறந்துக்கிட்டு இருக்கும்போதும் விட மாட்டாரு.

அக்கா: கடைசில?

தம்பி: மடியில படுத்துக்கிட்டு, "நானே கட்டிட்டேன்டா"ங்குறாரு.

அக்கா: ...டேய். அதுக்கப்புறம் கட் பண்ணாதே. மகன் மூஞ்சியிலயே கேமராவை வை. பத்து செகண்ட் ஒருத்தனும் பேசக்கூடாது.

தம்பி: பேச மாட்டாங்க. ஆனா அப்பாவா நடிக்கிறது மாமா. கண்ணை மூடுனா குறட்டை விடுவாரு.

அக்கா: அதை டப்பிங்ல எடுத்துடலாம். வாய்க்குள்ள கொசு போகாம மட்டும் பாத்துக்கோ.