75 மட்டும் படிச்சா போதுமாம்!

நேத்து காமிக்ஸ் குரூப்ல நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீங்க, திரும்ப விளக்கப் போறதில்லை. "சூப்பர்மேன் சாகற கதைக்கு சூப்பர்மேன் 75-ஆம் இதழ் ஒண்ணு மட்டும் படிங்க, மத்ததெல்லாம் ஃபில்லர் (சும்மா பக்கம் நிரப்பறது)"னு ஒரு தம்பி எழுதினார். ஹார்ட்டா குவிஞ்சுது. கீழே நான் முழு வரிசையைப் போட்டேன். "ஸ்டேஷன் மாஸ்டர் டைம்டேபிளோட வந்துட்டார்"னு பதில் வந்துச்சு, அதுக்கும் சிரிப்பு பொம்மைங்க. ரொம்ப சந்தோஷம். டைம்டேபிளை என் சுவர்லயே ஒட்டிடறேன்.

சூப்பர்மேன் சாகற கதை 7 இதழ், 5 தலைப்பு, அதாவது அஞ்சு வேற வேற காமிக்ஸ் தொடர். வரிசை இதுதான்: மேன் ஆஃப் ஸ்டீல் 18, ஜஸ்டிஸ் லீக் அமெரிக்கா 69, சூப்பர்மேன் 74, அட்வென்ச்சர்ஸ் ஆஃப் சூப்பர்மேன் 497, ஆக்‌ஷன் காமிக்ஸ் 684, மேன் ஆஃப் ஸ்டீல் 19, கடைசியா சூப்பர்மேன் 75. அட்டையில 1992 டிசம்பர், 1993 ஜனவரின்னு இருக்கும். 75 கடைக்கு வந்தது 1992 நவம்பர் 18.

75 தனிக்கதை இல்லை. ஏழாவது பாகம். எத்தனை தடவை வேணும்னாலும் சொல்றேன், ஏழாவது பாகம்.

சந்தேகம் இருக்கிறவங்க ஒரு வேலை பண்ணுங்க. கதையை விடுங்க, பக்கத்துல இருக்கற படக் கட்டங்களை எண்ணுங்க. அட்வென்ச்சர்ஸ் 497-ல பக்கத்துக்கு நாலு கட்டம். ஆக்‌ஷன் 684-ல மூணு. மேன் ஆஃப் ஸ்டீல் 19-ல ரெண்டு. 75-ல பக்கத்துக்கு ஒண்ணே ஒண்ணு, முழுப்பக்கப் படம். கடைசியில மடிச்சு வச்ச பெரிய படத்துல போய் முடியுது. சண்டை முத்த முத்த கட்டம் பெருசாகி, கண்ணுக்கு ஒதுங்க இடமில்லாமப் போகுது. நாலு எழுத்தாளர்கள், நாலு ஓவியர் கூட்டணி, எடிட்டர் மைக் கார்லின், இத்தனை பேரும் உட்கார்ந்து பேசி வச்ச கணக்கு இது. நீங்க நேரா 75-ஐத் திறந்தா நாலுல இருந்து ஒண்ணுக்கு இறங்கற அந்த இறக்கமே உங்களுக்குக் கிடையாது. முழுப்பக்க போஸ்டரா வரிசையா ஓடும். அப்புறம் "கதையே இல்லையே, வெறும் அடிதடி"ன்னு விமர்சனம் வேற. கல்யாணத்துக்கே போகாம தாம்பூலப் பையை மட்டும் வாங்கிட்டு வந்து, சாப்பாடு சரியில்லைன்னா எப்படி?

சரி, அந்த "ஃபில்லர்" என்னன்னு பார்ப்போமா? மேன் ஆஃப் ஸ்டீல் 18-ல பூமிக்கடியில இருந்து டூம்ஸ்டே, அதான் சூப்பர்மேனைக் கொல்லப்போற வில்லன், வெளியே வர்றான். பச்சை உடுப்பு, கண்ணாடி, உடம்பெல்லாம் கேபிள். நீட்டின கையில ஒரு சின்னக் குருவி வந்து உட்காருது. அவன் கையை மூடிக்கறான். அவ்வளவுதான். அவனுக்குக் காரணம் கிடையாது, கோரிக்கை கிடையாது, வசனமும் கிடையாது. இந்த ஒரு பக்கம் தெரியாம 75-ல அவனைப் பார்த்தா முள்ளு முளைச்ச ஏதோ ஒரு ராட்சசன், அவ்வளவுதான் தோணும்.

ஜஸ்டிஸ் லீக் 69 இன்னும் முக்கியம். ஜஸ்டிஸ் லீக்ங்கற சூப்பர்ஹீரோ அணி முழுசையும் டூம்ஸ்டே ஒரே கையால அடிக்கிறான். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால கட்டியிருக்கு! அணியில இருக்கற ப்ளூ பீட்டில் கோமாவுக்குப் போறார். இன்னொரு அணி ஆளு பூஸ்டர் கோல்டு வாங்கின குத்துல வானத்துக்குப் பறக்கிறார், சூப்பர்மேன் வந்து பிடிக்கிறார். 'டூம்ஸ்டே'ங்கற பேரே பூஸ்டர் வாயில இருந்து வந்ததுதான். அடுத்து சூப்பர்மேன் 74-ல எல்லாரும் சேர்ந்து அவன்மேல மொத்த சக்தியையும் கொட்டறாங்க. ஒண்ணும் ஆகலை, அந்த உடுப்பு மட்டும் கிழியுது. அதாவது அவனோட ரெண்டாவது கையையும் இவங்களே அவிழ்த்து விட்ட மாதிரி ஆயிடுது. இது ஃபில்லரா தம்பி?

497-ல மிட்ச்னு ஒரு பையன். வீடு எரியுது, அம்மாவும் கைக்குழந்தையும் உள்ளே. டூம்ஸ்டே தப்பிச்சு ஓடறான். துரத்தணுமா, திரும்பணுமா? சூப்பர்மேன் திரும்பறார். திரும்பினதால டூம்ஸ்டேக்கு நேரம் கிடைக்குது, அந்த நேரத்துல இன்னும் எத்தனையோ இடிஞ்சு விழுது. சூப்பர்மேன் யாருங்கறது அந்தத் திரும்பல்ல இருக்கு. 75-ல இருக்கறது அந்தத் திரும்பலோட கணக்கு தீர்ற இடம்.

684-ல ஒரு சின்ன விஷயம், அதையும் சொல்லிடறேன். டூம்ஸ்டே ஏன் சூப்பர்மேன் ஊரான மெட்ராபோலிஸ் பக்கம் வர்றான்? 75-ல தேடினா பதில் இருக்காது. லெக்ஸ்-மார்ட் கடையில ஓடற டிவியில மெட்ராபோலிஸ் மல்யுத்த விளம்பரம் பார்க்கறான், ஊர் பேரு மண்டையில ஏறுது. இதைப் படிக்காதவங்கதான் "வில்லன் ஏன் நேரா அங்கே போனான், லாஜிக் இல்லையே"ன்னு நேத்து கமெண்ட்ல கேட்டாங்க. பதில் எழுதினேன். அதுக்கும் சிரிப்பு பொம்மைதான்.

இப்போ என்னைக் கேப்பீங்கன்னு தெரியும். "சார், அந்தக் காலத்து அட்டையிலேயே முக்கோணத்துல எண் போட்டிருப்பாங்களே, அதைப் பிடிச்சுப் போனா ஆகாதா?" ஆகாது. 1991-ல ஆரம்பிச்ச அந்த முக்கோண எண் நல்ல ஏற்பாடுதான், மறுக்கல. நாலு சூப்பர்மேன் தலைப்பும் மாறி மாறி வரும்போது எது முன்னே, எது பின்னேன்னு சொல்லும். ஆனா அது சூப்பர்மேன் எடிட்டர் அலுவலகத்துப் புத்தகங்களுக்கு மட்டும். ஜஸ்டிஸ் லீக் 69-ல முக்கோணம் கிடையாது. எண்ணை மட்டும் பிடிச்சுப் போனா மேன் ஆஃப் ஸ்டீல் 18-ல இருந்து நேரா சூப்பர்மேன் 74-க்குத் தாவிடுவீங்க, முழு அணியும் அடிவாங்கறது காணாமப் போயிடும். டிஜிட்டல்ல 'சூப்பர்மேன்'னு தேடி வாங்கறவங்களுக்கும் இதே கதி. 'முழு செட்'னு விக்கற பழைய கட்டுகள்ல பெரும்பாலும் இல்லாம இருக்கறதும் இதுதான். வாங்கறதுக்கு முன்னாடி 69 இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா விலையைக் குறைக்கச் சொல்லுங்க.

"ஏழு புத்தகம் வாங்க காசு?" 1993-ல வந்த தொகுப்பு ஒண்ணு இருக்கு, 69-ம் சேர்த்து எல்லாம் அதுல வந்துடும். முந்தின மாச இதழ்களோட கடைசியில வர்ற, இரும்புச் சுவரைக் குத்தற டூம்ஸ்டேயோட முஷ்டிப் பக்கங்களும் இருக்கு. முடிஞ்சது.

"கிராஸ்ஓவர்னாலே (ஒரே கதை பல தொடர்ல ஓடறது) வியாபாரம்தானே?" ஆமா, வியாபாரம்தான். 75-ஐக் கறுப்புப் பையில போட்டு, ரத்தம் வழியற எஸ் சின்னம் அச்சடிச்சு, உள்ளே துக்கக் கைப்பட்டி, போஸ்டர், கதையில வர்ற டெய்லி பிளானட் பேப்பரோட இரங்கல் செய்தி, ஸ்டாம்பு, கார்டுன்னு எல்லாம் வச்சு 2.50 டாலருக்கு வித்தாங்க. அதே கதை, கிழிஞ்ச சிவப்புத் துணி பறக்கற அட்டையோட, பையில்லாம 1.25 டாலர். பைக்குள்ள இருக்கறதோட அட்டை கல்லறைக் கல். "அரிய பிரதி, பை பிரிக்காதது"ன்னு யாராவது காதைக் குத்தினா நம்பாதீங்க. பைத்தியம் பிடிச்ச மாதிரி அச்சடிச்சுத் தள்ளினது அது. பிரிச்ச பிரதி வாங்கறதா இருந்தா கைப்பட்டி இருக்கா, கடைசி மடிப்புப் பக்கம் மடிப்புல கிழியாம இருக்கான்னு மட்டும் பார்த்துக்கங்க. ஆக, பை வியாபாரம். ஒத்துக்கறேன். அதுக்காக 4-3-2-1ம் வியாபாரம்னா என்ன அர்த்தம்? கட்டத்தைக் குறைச்சதுக்கு யாரும் கூடுதல் காசு வாங்கலையே!

அடுத்த கேள்விதான் எனக்கு எரிச்சல். "எப்படியும் திரும்பி வந்துட்டார், அப்புறம் என்ன?" திரும்பி வருவார்னு யாருக்குத்தான் தெரியாது? செத்தவர் வருவாரா மாட்டாராங்கற பந்தயம் இல்லை இது. இந்த எழுத்தாளர்கள் முதல்ல எழுத நினைச்சது சாவே இல்லை, கல்யாணம். 1990-ல சூப்பர்மேன் 50-ல கிளார்க் கென்டுக்கும் (சூப்பர்மேனோட சாதா வேஷம்) நிருபர் லோயிஸுக்கும் நிச்சயம் ஆச்சு. 1991-ல ஆக்‌ஷன் 662-ல தான்தான் சூப்பர்மேன்ங்கற ரகசியத்தை கிளார்க் லோயிஸ்கிட்ட சொல்லிட்டார். டிவி தொடர் வரப்போகுதுன்னு கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொன்னதும், நாலு எழுத்தாளர்கள்ல ஒருத்தரான ஜெர்ரி ஆர்ட்வே வழக்கமா கூட்டத்துல அடிக்கிற "கொன்னுடலாம்"ங்கற ஜோக்கை இந்தத் தடவை நிஜமாவே எடுத்துக்கிட்டாங்க. அதனால 75-ல தெருவுல அவரை மடியில போட்டுக்கிட்டு அழறது வெறும் நிருபர் இல்லை, கட்டிக்கப் போறவ. ஜிம்மி கேமராவோட நிக்கிறான். கிளார்க் கென்ட் பேரு காணாமப் போனவங்க கணக்குல சேருது. ஊரே சூப்பர்மேனுக்கு அழுது, ஆனா கிளார்க்குக்காக வாய்விட்டு அழ லோயிஸுக்கு உரிமை இல்லை. ஸ்மால்வில்ல அப்பா அம்மா டிவியிலதான் பார்க்கறாங்க. பிள்ளையோட பழைய சாமான்களை அவங்களே தனியாப் புதைக்கறாங்க. இதுக்கப்புறமும் "எப்படியும் வந்துட்டார்"னு சொல்றவங்ககிட்ட நான் என்ன பேசறது?

"2016 படத்துலயே (பேட்மேன் வி சூப்பர்மேன்) பார்த்தாச்சு"ன்னு ஒருத்தர். பார்த்தீங்க. கடைசிப் பகுதியில வில்லன் லூதர் ஒரு டூம்ஸ்டேயைத் தயார் பண்றதைப் பார்த்தீங்க. குருவியைப் பார்த்தீங்களா? மிட்சைப் பார்த்தீங்களா?

ஒண்ணு மட்டும் புரியலை. ஒருத்தர் "இதெல்லாம் தேவையில்லை, விடுங்க"ன்னா அவர் எளிமையானவர், நண்பர். இன்னொருத்தர் உட்கார்ந்து எந்த இதழ், எந்த எண், எது விட்டுப்போகும்னு எழுதினா அவர் மேதாவி, வாசல்ல நின்னு டிக்கெட் கேக்கறவர். நான் யாரையும் தடுக்கலையே! இந்த வழியா வந்தா நல்லா இருக்கும்னுதானே சொன்னேன்? புதுசா படிக்கிற பிள்ளைங்களுக்கு உதவின்னு நினைச்சுதான் போட்டேன். ஏழு இதழ் படிக்கப் பொறுமை இல்லைன்னா சொல்லிட்டுப் போங்க, அதுல தப்பில்லை. உங்க பொறுமையின்மைக்கு ஃபில்லர்னு பேரு வச்சு, இதையெல்லாம் எழுதின லூயிஸ் சைமன்சன் தலையிலயும் ராஜர் ஸ்டெர்ன் தலையிலயும் ஏன் கட்டறீங்க?

ப்ளூ பீட்டிலை யாருமே நினைக்கிறதில்லை. அது வேற வருத்தம், இன்னொரு நாள் எழுதறேன்.

இன்பாக்ஸ்ல, சிரிக்காம, அடுத்த கட்டத்துக்கு வரிசை கேட்ட ரெண்டு மூணு பேருக்காக இது. 75-க்கு அடுத்து அட்வென்ச்சர்ஸ் 498-ல இறுதிச்சடங்குப் பகுதி ஆரம்பம். சூப்பர்மேன் 77 கடைசியில கிளார்க்கோட அப்பா ஜொனாதன் கென்டுக்கு மாரடைப்பு, அங்கிருந்து நேரா அட்வென்ச்சர்ஸ் 500. அப்புறம் சூப்பர்மேன் இடத்துக்கு நாலு புதுப் பேர் நாலு தலைப்புல வர்றாங்க: ஆக்‌ஷன் 687, மேன் ஆஃப் ஸ்டீல் 22, சூப்பர்மேன் 78, அட்வென்ச்சர்ஸ் 501. சூப்பர்மேன் 80-ல கோஸ்ட் சிட்டி அழியுது. அது ஹால் ஜோர்டனோட ஊர், அவர்தான் கிரீன் லான்டர்ன்ங்கற ஹீரோ. அதனாலதான் கிரீன் லான்டர்ன் 46 உள்ளே வருது. மேன் ஆஃப் ஸ்டீல் 26-ஐ முடிச்சுட்டு அதைப் படிங்க, அப்புறம் சூப்பர்மேன் 82. அந்த 46-லயும் முக்கோணம் கிடையாது, அட்டையைப் பார்த்துக்கிட்டே போனா மறுபடி தாவிடுவீங்க. வாங்கற இடத்துல தனியாக் கேட்டு வாங்குங்க.