9 வோல்ட் பேட்டரியில் மோட்டார் ஓட்டலாமா?

"ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு 9 வோல்ட் பேட்டரி போதும், ஆர்டுயினோவும் சர்வோவும் அதிலேயே ஓடும்" என்று பலர் சொல்வது பாதிதான் சரி. (ஆர்டுயினோ என்பது புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன கன்ட்ரோல் போர்டு, சர்வோ என்பது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்.) எல்இடி எரியும், 555 ஐசி (டைமர் சிப்) சுற்று ஓடும். சர்வோ ஓடாது, ஓடினாலும் நிலைக்காது.

அந்தச் சதுரப் பேட்டரிக்குள் ஆறு சின்ன செல்கள்தான். அல்கலைனாக இருந்தாலும் கொள்ளளவு சுமார் 500 மில்லிஆம்பியர்-மணிதான், உள்மின்தடையும் (பேட்டரிக்குள்ளேயே இருக்கும் மின்தடை) அதிகம். எஸ்ஜி90 என்ற சின்ன சர்வோ திணறும்போது அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உடனே வோல்டேஜ் சரிந்து ஆர்டுயினோ ரீசெட் ஆகும். புரோகிராமில் தப்பு என்று நினைத்து அதையே திருத்திக்கொண்டிருப்பார்கள், பாவம். போதாததற்கு, ஊனோ என்ற ஆர்டுயினோ போர்டின் ரெகுலேட்டர் (வோல்டேஜைக் குறைத்து நிலையாக வைக்கும் பாகம்) 9-ஐ 5 ஆக்க மீதி 4 வோல்ட்டை வெறும் சூடாகத்தான் கழிக்கிறது.

போர்டுக்கு யூஎஸ்பி போதும். சர்வோவுக்குத் தனியாக நாலு ஏஏ ரீசார்ஜபிள் செல், ஒரு ஹோல்டர்: 4.8 வோல்ட். போர்டு, செல் ஹோல்டர் இரண்டின் கிரவுண்டையும் (மைனஸ் கம்பி) கட்டாயம் இணையுங்கள். பலர் விடுவது இதைத்தான், விட்டால் சர்வோ நடுங்கும். சர்வோவின் பவர் கம்பிகளுக்கு நடுவே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, போலாரிட்டி (பிளஸ், மைனஸ்) பார்த்து.

எல்இடியோடு தொடராக ஒரு ரெசிஸ்டர் வேண்டும்: 5 வோல்ட்டில் 220 ஓம், 9 வோல்ட்டில் 470 ஓம்.