பெட்டைக்கோழியை யாரும் விசாரிப்பதில்லை

வாரத்துக்கு இரண்டு பேராவது உள்பெட்டியில் கேட்டுவிடுகிறார்கள். "அண்ணே, ஒரிஜினல் சிறுவிடை எங்க கிடைக்கும்?" சிறுவிடை என்பது நம் ஊரின் சின்ன உடம்பு நாட்டுக்கோழி. கேள்வியோடு கூடவே ஒரு சேவல் படம் வரும். நல்ல சிவந்த கொண்டை, வளைந்த வால், மினுமினுக்கும் கழுத்து. இது அசலா, கலப்பா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட ஒரு பெட்டைக்கோழியின் படத்தை அனுப்பி, இது எப்படி என்று கேட்டதில்லை. வீட்டுக் கொல்லையில் பத்துக் கோழி வளர்க்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அவளைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நானும் படத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன். இணையத்தில் ஒருவர் "சுத்தமான சிறுவிடை" என்று போட்டிருந்தார். 25 குஞ்சுகள் பஸ் பார்சலில் அட்டைப்பெட்டிக்குள் வந்து சேர்ந்தன. தடுப்பு மருந்து போட்டாயிற்று என்றார், நம்பினேன். இரண்டாம் மாதம் வெள்ளைக்கழிச்சல் என்ற கொள்ளைநோய் வந்தது. காலையில் கூண்டைத் திறந்தால் ஒன்று கழுத்தை முறுக்கிக்கொண்டு பின்பக்கமாகவே நடக்கிறது, இன்னொன்று இறக்கையைத் தொங்கப் போட்டு மூலையில் நிற்கிறது. பத்தே நாளில் 11 தான் மிஞ்சின. அந்த 11 வளர்ந்ததும் விஷயம் தெரிந்தது. சேவல்கள் ஆறு மாதத்தில் மூன்று கிலோவைத் தொட்டன. சிறுவிடைச் சேவல் நன்றாக வளர்ந்தாலே இரண்டு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். பெட்டைகள் முட்டை வைத்தன, வைத்துக்கொண்டே இருந்தன. ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அப்பத்தா கேட்ட கேள்வி திரும்ப ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். யாராவது கோழி விற்க வந்தால் அப்பத்தா நிறத்தைப் பார்க்க மாட்டாள், எடையைத் தூக்கிப் பார்க்க மாட்டாள். "எத்தன வச்சா, எத்தன பொரிச்சா, எத்தனயக் கரை சேத்தா?" இந்த மூன்றையும்தான் கேட்பாள். வைத்த முட்டை, பொரித்த குஞ்சு, தாயை விட்டுப் பிரியும்வரை பிழைத்த குஞ்சு. 12 வைத்து 11 பொரித்து 4 மட்டும் தேறியது என்றால் அந்தக் கோழி வேண்டாம். 10 பொரித்து 8 தேறியது என்றால் உடனே காசை எடுப்பாள். எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லிக்கொடுக்காமல் அவள் வைத்திருந்த தேர்வு முறை அது. இன்றைக்கும் அதைவிடச் சிறந்த ஒன்றை நான் பார்க்கவில்லை.

கரை சேர்ப்பது என்றால் என்ன என்று என் கண்ணால் பார்த்தது போன ஆவணியில். இப்போது என்னிடம் இருக்கும் கறுப்புப் பெட்டை, ஒன்றேகால் கிலோகூட இருக்க மாட்டாள். ஒன்பது குஞ்சுகளோடு குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள். தலையை ஒருக்களித்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்தாள். நான் நிமிர்ந்து பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் தொண்டையிலிருந்து "க்ர்ர்ர்" என்று ஒரு நீண்ட சத்தம். ஒன்பதும் ஒரே நொடியில் வேலிக்கடியில் போய்ப் பதுங்கிவிட்டன. அப்புறம்தான் பருந்தின் நிழல் தரையில் ஓடியது. இறக்கைகளை விரித்துத் தன் உடம்பை இரண்டு மடங்காக ஆக்கிக்கொண்டு அவள் மட்டும் வெட்டவெளியில் நின்றாள். எந்த இன்குபேட்டரும் இதைக் குஞ்சுக்குச் சொல்லிக்கொடுக்காது.

சிறுவிடை ஒரு ஈட்டுக்கு, அதாவது அடைக்கு உட்காரும் முன் ஒரு சுற்றில், 12 முதல் 15 முட்டை வைக்கும். பிறகு 21 நாள் அடை, அதற்குப் பின் இரண்டு மூன்று மாதம் குஞ்சு வளர்ப்பு. வருஷத்துக்கு மூன்று நாலு ஈடு, ஆக மொத்தம் அதிகம் போனால் அறுபதுதான் வரும். பண்ணைகளின் முட்டைக்கோழியான வெள்ளை லெகான் வருஷத்துக்கு 300 முட்டை வைக்கிறது என்றால், அடை உட்காரும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கட்டித்தான் அந்த எண்ணிக்கை வந்தது. அடைக்கு உட்கார்ந்த கோழி முட்டை வைப்பதை நிறுத்திவிடும், அதனால் பண்ணைக்கு அது நஷ்டம். எனவே "என் நாட்டுக்கோழி 150 முட்டை வைக்குது" என்று ஒருவர் சொன்னால், "அடை உட்காருதா?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். இன்குபேட்டர் வைத்திருப்பவருக்குப் பல நேரம் அதற்குப் பதிலே தெரியாது, ஏனென்றால் அவர் எந்தக் கோழியையும் உட்கார விட்டதே இல்லை.

கருங்கோழி என்று நாம் சொல்லும் கடக்நாத்துக்கும் இது பொருந்தும். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கோழி அது, 2018இல் அதன் கறி புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. நல்ல இனம்தான். ஆனால் அடை காப்பதில் சோம்பல். வாங்கினால் பொரிக்க ஒரு சிறுவிடைத் தாயையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பெங்களூரில் உருவாக்கிய கிரிராஜா, ஹைதராபாத்தில் உருவாக்கிய வனராஜா இவையெல்லாம் புறக்கடைக்காகவே ஆராய்ச்சி நிலையங்கள் கொடுத்தவை. முட்டை, கறி, வருமானம் என்று கணக்குப் போடுகிறவர்கள் தாராளமாக வளர்க்கலாம். அவற்றை "நாட்டுக்கோழி" என்று சொல்லி விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, நல்ல பெட்டை எங்கே கிடைப்பாள்? சந்தையில் தேடாதீர்கள். அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தைக்குப் போனால் அதன் பரபரப்பே ஒரு சந்தோஷம்தான், ஆனால் அங்கே வாங்கும் கோழியோடு அதன் சரித்திரம் சேர்ந்து வராது. பக்கத்துக் கிராமங்களில் பத்துப் பதினைந்து வருஷமாகக் கோழி வைத்திருக்கும் வீட்டுக்குப் போங்கள். சாயங்காலம் கோழிகள் அடையும் நேரத்தில் போனால் மொத்தமும் கண்ணில் படும். இரண்டு மாதக் குஞ்சுகளோடு திரியும் தாயைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை பொரித்தாள் என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், ஐயாவிடம் வேண்டாம், அவருக்குச் சேவல் கணக்குத்தான் தெரிந்திருக்கும்.

சிறுவிடைக்கு ஒரே நிறம் கிடையாது. கறுப்பு, செவலை, சாம்பல், புள்ளி எல்லாம் ஒரே ஈட்டில் பொரியும். மொத்தக் கூட்டமும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். மஞ்சள் காலைப் பார்த்ததும் லெகான் கலந்தது என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்கோழிக்கு மஞ்சள் தோல் தரும் மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவிக்கொண்டிருக்கிற அதே காட்டுக்கோழிதான். காலின் நிறத்தை வைத்து ஒரு நல்ல தாயைத் தள்ளிவிடாதீர்கள்.

முடிந்தால் குஞ்சாகவோ கோழியாகவோ வாங்காமல் அடை முட்டையாக வாங்குங்கள். குஞ்சோடும் கோழியோடும் வருகிற அளவுக்கு முட்டையோடு நோய் வருவதில்லை. ஒரு வாரத்துக்குள் வைத்த முட்டையாக இருக்க வேண்டும், சித்திரை வெயிலில் அதற்கும் முன்னாலேயே அடைக்கு வைத்துவிட வேண்டும். ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சில் பிடித்துப் பாருங்கள். கரு ஏறிய முட்டைக்குள் சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்புகள் ஓடும், நடுவில் ஒரு புள்ளி துடிக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. வெறும் வெளிச்சமாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம்.

சேவல் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும், ஆனால் அது வெளி வீட்டுச் சேவலாக இருக்க வேண்டும். ஒரே ஈட்டில் பொரித்த சேவலும் பெட்டையும் இணைந்தால், பிறக்கும் குஞ்சின் எந்த ஒரு மரபணுவும் இரண்டு பக்கமும் ஒரே நகலாக அமைய 25 சதவீத வாய்ப்பு. இரண்டு மூன்று தலைமுறை இப்படியே ஓடினால் பொரிப்பு குறையும், குஞ்சு சவலையாகும். "கோழி முன்ன மாதிரி இல்ல" என்று புலம்பும் பல வீடுகளில் நடப்பது இதுதான். முன்பெல்லாம் இந்தச் சிக்கல் தானாகவே தீர்ந்தது. கோழியை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, விடுவார்கள், பொரித்ததில் பாதி வளர்த்தவருக்கு, பாதி கொடுத்தவருக்கு. அடைக்கு முட்டை இல்லையென்றால் அடுத்த தெருவில் கடன் வாங்குவார்கள். ஊர் முழுக்க இரத்தம் கலந்துகொண்டே இருந்தது. இப்போது ஆளுக்கொரு வலையைப் போட்டு அடைத்துவிட்டோம். சேவலை மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். புதுச் சேவலை விட்டு மூன்று வாரம் கழித்து வரும் முட்டையைத்தான் அடைக்கு எடுக்க வேண்டும்.

வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்தை மட்டும் யார் சொன்னாலும் நம்பாமல் நீங்களே போடுங்கள். ஏழாம் நாள் கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு, எட்டாம் வாரம் இறக்கைக்கடியில் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

என் கறுப்புப் பெட்டை இப்போது மறுபடி அடையில் இருக்கிறாள், 11 முட்டை, இன்றோடு 16ஆம் நாள். அவளுடைய மகள்கள் மூன்று பேரும் தாயைப் போலவே உட்காருகிறார்கள். சேவல்தான் மாற்ற வேண்டும். சிவகங்கை, காளையார்கோவில், மானாமதுரைப் பக்கம் சிறுவிடை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், தை பிறந்ததும் சேவலை மாற்றிக்கொள்வோம். வரும்போது அதன் தாயை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.